கூதிர் வந்துவிட்டதா? பார்க்கவும் எழுதவும் ஒரு தொடக்கம்

போன புரட்டாசியில் என் அக்கா மகள் பருவகாலங்களை வரைந்துகொண்டிருந்தாள். ஏழு வயது. கோடைக்கு ஒரு சூரியன், மழைக்கு ஒரு குடை, குளிருக்கு ஒரு பனிமனிதன். இலையுதிர்காலத்துக்கு, உடம்பெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமாக ஒரு மரம். வரைந்து முடித்து வாசலுக்குப் போனவள், அங்கே நின்ற புங்கமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சித்தி, செப்டம்பர் வந்தாச்சே, இது ஏன் இன்னும் பச்சையாவே நிக்குது?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்லி முடிக்க எங்கள் இருவருக்கும் மார்கழி வரை ஆயிற்று. அவளிடம் சொன்னதையும் அவளோடு பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். பருவத்தைக் கவனிக்க ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக.

புங்கமரம் ஏன் சிவக்கவில்லை

குளிர்நாடுகளில் இலை நிறம் மாறுவதற்குக் காரணம் பகல் குறுகுவதும் குளிர் ஏறுவதும். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரத்துக்கும் அதிகம். டிசம்பரில் அது எட்டு மணி நேரத்துக்கும் கீழே போய்விடும். வெயில் அவ்வளவு சுருங்கிய பிறகு இலையை வைத்துக் காப்பாற்றுவது மரத்துக்குக் கட்டுப்படியாகாது. பச்சையத்தை உடைத்து, இலையில் இருக்கும் தழைச்சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பச்சை விலகியதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சில மரங்கள் அந்தக் கடைசி நாட்களில் சிவப்பு நிறமியைப் புதிதாகவே உண்டாக்குகின்றன. பிறகு காம்படியில் ஒரு தக்கைப் படலம் வளர, இலை கழன்று விழுகிறது.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நம் சமவெளி மரங்களுக்குக் குளிரைப் பற்றிக் கவலை கிடையாது. தண்ணீர்தான் கவலை. அதனால் மழையெல்லாம் ஓய்ந்து மண் காயத் தொடங்கும் மாசி, பங்குனியில்தான் வேம்பும் அரசும் புங்கும் உதிர்க்கும். இலையுதிர்வைப் பார்க்க வேண்டுமென்றால் அப்போது தெருவில் இறங்கிப் பார்க்க வேண்டும். செப்டம்பரில் தேடினால் கிடைக்காது.

அதே செப்டம்பர் முதல் நவம்பர் வரை நமக்கென்று வேறொரு மாற்றம் நடக்கிறது. தமிழ் மரபு ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிர் என்றால் குளிர்காற்று. சொல் ஏட்டோடு நின்றுவிடவில்லை. தென்மாவட்டங்களில் "கூதலா இருக்கு" என்பார்கள், கிராமத்தில் "கூதக்காத்து" என்பார்கள். இலங்கைத் தமிழிலும் கூதல் உண்டு.

இலையைப் பார்க்காதீர்கள், முதலில் காற்றைப் பாருங்கள் என்பதுதான் நான் பிள்ளைக்குச் சொன்ன முதல் பாடம். கூதிர் வருவது காற்றின் வழியாக.

காற்று திரும்பும் நாள்

நம் மொழியில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை. கடலோரத்தில் கச்சான், சோழகம் என்று இன்னும் பெயர்கள் இருக்கின்றன. காற்றை நம்பிப் பாய்மரம் ஏற்றியவர்களுக்கு அத்தனை பெயரும் தேவைப்பட்டன.

ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து வரும். தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிடுவதால், இந்தப் பக்கம் இறங்கும்போது உலர்ந்து போய்ப் புழுதியோடு வருகிறது. அம்மியை நகர்த்தும் ஆடிக்காற்று அதுதான். சூரியன் தெற்கே நகர நகர, வட இந்திய நிலப்பரப்பு குளிர்ந்து அங்கே காற்றழுத்தம் கூடுகிறது. காற்று அங்கிருந்து புறப்பட்டு, வங்கக்கடல் மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, வடகிழக்கிலிருந்து நம் கரையை அடைகிறது. வானிலைத் துறைக் கணக்கில் இந்தப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20 வாக்கில். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையான இந்த மூன்று மாதத்தில்தான் பெய்கிறது. இலங்கையின் வடக்குக்கும் கிழக்குக்கும் மாரி என்பதும் இதுவே.

இரண்டு காற்றுக்கும் நடுவே ஓர் இடைவெளி வரும். மேல்காற்று ஓய்ந்திருக்கும், வாடை இன்னும் புறப்பட்டிருக்காது. மரத்தில் ஓர் இலை அசையாது. நடுப்பகலில் வெயில் கொல்லும், மாலையில் இடியோடு கொட்டித் தீர்க்கும். "புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று சொன்னவர்கள் இந்த இடைவெளியைத்தான் சொன்னார்கள். எனக்குத் தெரிந்து ஒரு மாதத்தின் வானிலையை இத்தனை சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மொட்டைமாடிக் கொடி போதும். ஆவணியில் காயப்போட்ட புடவை கிழக்குப் பக்கமாகப் பறக்கும். ஒருநாள் அது தெற்கே, தென்மேற்கே பறக்கும். அந்த நாளைக் குறித்துவையுங்கள். மாடி இல்லையென்றால் எந்தச் சன்னல் தானாக அடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். கோயில் கொடி, டீக்கடை அடுப்புப் புகை, தென்னங்கீற்று சாயும் பக்கம், எல்லாம் அதே செய்தியைத்தான் சொல்லும். ஒருநாள் மட்டும் திரும்பி மறுநாள் பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. மூன்று நான்கு நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால் நம்பலாம்.

மழையின் நடையும் மாறும். சென்னைப் பக்கம் புரட்டாசி மழை பெரும்பாலும் மாலையிலோ முன்னிரவிலோ வரும். மேற்கே கோபுரம் போல மேகம் எழும்பும், இடிக்கும், ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஐப்பசி மழை கடலிலிருந்து வருவது. நள்ளிரவிலும் விடியற்காலையிலும் பெய்யும். இடி குறைவு, சாரல் அதிகம். பிடித்தால் விடாது, அதனால்தான் அடைமழை. பள்ளிக்கு விடுமுறையா என்று பிள்ளைகள் காலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தால், மேகம் கிழக்கிலிருந்து வரத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

நிழலும் துலாக்கோலும்

வானத்தில் நடப்பதைப் பார்க்க ஒரு குச்சி போதும். சென்னைக்கு நேர் உச்சியில் சூரியன் ஆகஸ்ட் நடுப்பகுதியில் கடந்துபோய்விடும். அதற்குப் பிறகு நண்பகல் நிழல் வடக்கே விழும், நாளாக நாளாக நீளும். ஒரு மீட்டர் குச்சியை நட்டால் செப்டம்பர் 22 வாக்கில் நண்பகல் நிழல் 23 சென்டிமீட்டர் இருக்கும். டிசம்பர் 21 வாக்கில் 74. மூன்று மாதத்தில் மூன்று மடங்குக்கும் மேல். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டால் போதும்.

சூரியன் எழும் இடமும் நகரும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறக்குறைய பத்து பாகை. ஜூனில் சூரியன் எழும் இடத்துக்கும் டிசம்பரில் எழும் இடத்துக்கும் சென்னையில் இடைவெளி கிட்டத்தட்ட ஐந்து முட்டி. செப்டம்பர் 22 அல்லது 23இல் அது நேர் கிழக்கில் எழும், பகலும் இரவும் சமமாகும்.

ஐப்பசி முதல் நாளுக்கு ஐப்பசி விசு என்று பெயர். விசு என்றால் பகலும் இரவும் சமமாகும் நாள். சூரியன் அன்று நுழைவது துலா ராசிக்குள், துலா என்றால் தராசு. ஆனால் ஐப்பசி பிறப்பதோ அக்டோபர் 17 அல்லது 18இல். உண்மையான சமநாளுக்கும் நம் பஞ்சாங்கத்து விசுவுக்கும் நடுவே மூன்று வாரத்துக்கும் மேல் இடைவெளி. காரணம், பூமியின் அச்சு பம்பரத்தின் தலை போல மிக மெதுவாகச் சுழல்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. விண்மீன்களை வைத்து மாதம் கணக்கிடும் நம் பஞ்சாங்கம் அந்தச் சுழற்சியோடு சேர்ந்து தள்ளிப்போய்விட்டது. ஐப்பசி முழுதும் மயிலாடுதுறையில் காவிரித் துலா முழுக்குக்கு வருகிறவர்கள், அந்தப் பழைய சமநாளின் பெயரைச் சொல்லித்தான் முழுகுகிறார்கள். எனக்கு அதை நினைத்தாலே சிலிர்ப்பாக இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. மிக நீண்ட இரவு டிசம்பர் 21 வாக்கில் என்றாலும், சென்னையில் சூரியன் ஆண்டிலேயே மிகச் சீக்கிரம் மறைவது நவம்பர் மூன்றாம் வாரத்தில், 5.40க்கெல்லாம். கார்த்திகையில் தீபம் ஏற்றும்போது "இன்னிக்கு அதுக்குள்ள இருட்டிடுச்சே" என்று தோன்றினால், அது வெறும் தோற்றமில்லை.

யார் யார் வந்து சேர்ந்தார்கள்

குளிர்நாட்டு இலையுதிர்காலம் பிரிவின் பருவம். பறவைகள் கிளம்பிப் போய்விடும். நமக்கு இது விருந்தாளிகள் வரும் பருவம். கிளம்பிய அதே பறவைகளில் பல இங்கேதான் இறங்குகின்றன.

முதலில் வருகிறவற்றில் தகைவிலான் குருவியைப் பழகிக்கொள்ளுங்கள். பிளந்த வாலோடு, மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஏரிக்கரை, வயல் ஓரத்துக் கம்பிகளில் செப்டம்பரிலேயே பார்க்கலாம். தோட்டக்கள்ளன் அக்டோபரில் வரும். பச்சை முதுகு, நீலத் தோள், வாலடியில் குங்குமச் சிவப்பு. வட, மத்திய இந்தியாவிலிருந்து இரவில் பறந்து வருவது. சில நேரம் களைத்துப்போய் நகரத்து வீட்டு வராந்தாவிலேயே இறங்கிவிடும். அப்படி வந்தால் மின்விசிறியை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டால் தானே தேறிப் பறந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிப்பதால் இதற்கு ஆறுமணிக்குருவி என்றும் பெயர். கண்ணில் படுவது அரிது. காதைத் திறந்து வைத்தால் போதும்.

தட்டான்கள் தனிக்கதை. மைதானத்தின் மேல் முழங்கால் உயரத்தில் நூற்றுக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும் மஞ்சள் தட்டான்களைப் பார்த்திருப்பீர்கள். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்பார்கள். உடம்பு நான்கரை சென்டிமீட்டர்தான். மழை தேங்கிய குட்டைகளில் முட்டையிட்டு, மழை போகும் திசையிலேயே போகும் இனம் அது. அக்டோபரில் இவை மாலத்தீவில் கூட்டமாக வந்து இறங்குவதைக் கண்ட ஆய்வாளர்கள், காற்றின் துணையோடு இந்தியப் பெருங்கடலையே தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று கருதுகிறார்கள். போவது ஒரு தலைமுறை, திரும்புவது அதன் பின்தலைமுறை. வாலில் நூல் கட்டி விளையாடிய பூச்சி இப்படிப்பட்ட பயணி என்று தெரிந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

வண்ணத்துப்பூச்சிகளும் நகரும். கறுப்பு இறகில் வெளிர்நீலப் பொட்டு வைத்தவை, ஐப்பசியில் கூட்டம் கூட்டமாக மேற்கே, மலையைப் பார்த்துப் போகும்.

தரையைப் பார்த்தால் ஈசல், மரவட்டை, நத்தை. மழை நின்ற இரவில் குட்டையோரம் டார்ச் அடித்துப் பாருங்கள், பெரிய தவளைகளில் ஆண்கள் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். வேலியில் செங்காந்தள் பூத்திருக்கும். அதை ஊரில் கார்த்திகைப்பூ என்பதே மாதத்தால்தான். நெருப்புக் கொழுந்து போல இருக்கும், கிழங்கு கொடிய நஞ்சு, பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். பவழமல்லி விடியுமுன் உதிர்ந்து கிடக்கும். தஞ்சைப் பக்கம் போனால் ஒரு வயலில் குறுவை அறுவடை, வரப்புக்கு இந்தப் பக்கம் சம்பா நடவு. பொன்னிறமும் இளம்பச்சையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை அந்தச் சில வாரங்களில் மட்டும்தான் பார்க்க முடியும். நிற மாற்றம் வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு அதைத்தான் காட்டினேன்.

பார்த்ததை எழுதுவது

கவனித்ததை எழுத உட்கார்ந்தால் எல்லோருக்கும் முதலில் வரும் வரி, "சில்லென்ற காற்று இதமாக வீசியது." அதில் பிழையில்லை. ஆனால் அது ஐப்பசியா, தையா, கொடைக்கானலா, குளிரூட்டிய அறையா என்று தெரியவில்லை. எந்த நாளுக்கும் பொருந்துகிற வரி எந்த நாளையும் காட்டாது.

வழி தெரியாதவர்களுக்கு நம்மிடமே ஒரு வாத்தியார் இருக்கிறார். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, நக்கீரர் பாடியது, 188 அடி. கூதிர்காலத்து ஒரு நாளையும் ஓர் இரவையும் அது காட்டும் விதத்தைக் கவனியுங்கள். மேகம் மூடியிருக்கிறது, சூரியன் தெரியவில்லை. மாலை வந்ததை எப்படி அறிவது? பூக்கூடையில் போட்டுவைத்த பிச்சி அரும்பு அவிழ்ந்து மணக்கிறது. பெண்கள் அதைக் கொண்டு பொழுதறிந்து விளக்கேற்றுகிறார்கள். மாடத்துப் புறாவுக்கு இரவும் பகலும் குழம்பிப்போய், இரை தேடப் போகாமல் கால் மாற்றி மாற்றி நிற்கிறது. வேனிலில் வீசிய வட்ட விசிறி சுருக்கித் தொங்கவிடப்பட்டிருக்கிறது, அதில் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. குவிந்த வாய்ச் செம்பில் தண்ணீர் இருக்கிறது, குடிக்க ஆளில்லை.

இந்த விசிறியைத்தான் நான் மறுபடி மறுபடி நினைத்துக்கொள்வேன். குளிரைக் காட்ட, குளிரால் பயனற்றுப்போன பொருளைக் காட்டுகிறார். சிலந்தி நூல் கட்ட எத்தனை நாளாகும்? விசிறியை எடுத்து அத்தனை நாளாயிற்று என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. சூரியன் தெரியாத ஊரில் நேரம் சொல்ல ஒரு பூவைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான்.

நம் வீட்டிலும் அப்படிப்பட்ட பொருட்கள் கிடக்கின்றன. மின்விசிறி ஐந்திலிருந்து இரண்டுக்கு இறங்கிய இரவு. ஃப்ரிட்ஜில் யாரும் தொடாத தண்ணீர்ப் பாட்டில். ஊதுவதற்குள் நமத்துப்போன அப்பளம். கட்டி தட்டிய உப்பு. உப்பிப்போய் அடைக்க வராத மரக்கதவு. மூன்று நாளாகியும் காயாத துண்டின் வாடை. இரவு அரைத்துவைத்த இட்லி மாவு விடிந்தும் பொங்காமல் கிடப்பது. அம்மாவுக்குப் பருவம் மாறியதைச் சொல்வது காலண்டர் இல்லை, அந்த மாவுப் பாத்திரம்தான்.

மணத்தையும் விட்டுவிடாதீர்கள். முதல் மழைக்கு எழும் மண்வாசனை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய ஒரு பொருளால் வருவது. காய்ந்த மண் நனையும்போதுதான் அது தூக்கலாக எழும். கார்த்திகையில் மண் காயவே நேரமில்லை. அப்போது வருவது பாசியின் மணம், ஊறிய சருகின் மணம். கார்த்திகை மழைக்கு "மண்வாசனை கமழ்ந்தது" என்று எழுதினால், அந்த வரி கண்ணால் பார்த்து எழுதியதில்லை என்று தெரிந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, நேரம், இடம், நேற்றோடு ஒப்பிட்டால் என்ன மாறியிருக்கிறது என்று ஒரே ஒரு வரி. ஒரே இடத்திலிருந்து பாருங்கள், வாரத்தில் இரண்டு நாளாவது. இல்லாததையும் எழுதுங்கள்: "இன்றும் மழை இல்லை", "கம்பியில் குருவி இல்லை". 2015இல் இதே பருவத்தில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது, மறு ஆண்டு இதே பருவத்தில் தமிழ்நாடு முழுக்க மழை பொய்த்தது. இரண்டு ஆண்டும் ஒரே மாடியிலிருந்து எழுதிய நோட்டு யாரிடமாவது இருந்தால் அதற்கு விலையே கிடையாது. மரத்தை மட்டும் தொடர்ந்து பார்க்க ஆசையென்றால் சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது. நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கொரு மரத்தை எடுத்துக்கொண்டு, இலை, பூ, காய் நிலவரத்தை வாராவாரம் பதிகிறார்கள்.

நாங்கள் இருவரும் எழுதியதிலிருந்து சில வரிகள். எழுத்துப் பிழையை மட்டும் நான் திருத்தியிருக்கிறேன்.

புரட்டாசி 24. மாலை 4.30. காத்தே இல்லை. பாட்டி விசிறிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஐப்பசி 2. மைதானத்தில் தட்டான் நிறைய. எண்ண முடியவில்லை.

ஐப்பசி 6. காலை. சித்தி புடவை பக்கத்து வீட்டு மாடிப் பக்கம் பறக்குது. எப்பவும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் பறக்கும்.

ஐப்பசி 19. மழை. மழை. துணி எல்லாம் வீட்டுக்குள்ளே. சீழ்க்கைச் சத்தம் கேட்டது, பார்க்க முடியவில்லை. மணி 6.05.

கார்த்திகை 11. மழை இல்லை. மாவு பொங்கவில்லை. தோசை.

மார்கழி 9. தேங்காயெண்ணெய் பாட்டிலில் உறைந்துவிட்டது. வெயிலில் வைத்தோம். இனி நோட்டில் புதுப் பக்கம்.